சீனம் கற்கத் தமிழே ஏணி, கம்ப்யூட்டர் துணை

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லா வீடுகளிலும் நடப்பது ஏறத்தாழ ஒன்றுதான். முதல் வாரம் பாட்டும் சினிமாவும். இரண்டாவது வாரம் குடும்பப் போட்டோக்களை எல்லாம் காப்பி செய்து வைப்போம். மூன்றாவது வாரம் பிள்ளைகள் கேம்ஸ் விளையாடத் தொடங்கிவிடுவார்கள். நான்காவது வாரம், "இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே, உருப்படியா என்ன பிரயோஜனம்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

இதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. உங்கள் வீட்டிலிருந்து யாராவது சிங்கப்பூருக்கு வேலைக்கோ சீனாவுக்கு மருத்துவம் படிக்கவோ கிளம்புகிறார்களா? அப்படியானால் கிளம்புவதற்கு நான்கு மாதம் முன்பே, அந்தக் கம்ப்யூட்டரில் சீன மொழி கற்கத் தொடங்கச் சொல்லுங்கள். சீனம் என்று நான் இங்கே சொல்வது மாண்டரின் மொழியை. ஆங்கிலம் நன்றாக வந்த பிறகு கற்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். சீனம் கற்கத் தமிழே போதுமான ஏணி என்பதுதான் என் கருத்து.

நான் ஒன்பது ஆண்டுகள் சிங்கப்பூரில் ஏர்கான் சர்வீஸ் வேலை பார்த்தேன். நம் ஊரில் ஏ.சி. என்பதை அங்கே ஏர்கான் என்பார்கள். அடுக்குமாடி வீடுகளில் ஏறி இறங்கும் வேலை. சீனர்களின் சமையலறையிலும் படுக்கையறையிலும் ஏணி போட்டு நின்றுதான் அவர்கள் மொழியைக் கற்றேன். இப்போது வில்லாபுரத்தில் இருக்கிறேன். எங்கள் பகுதியைத் தாண்டி அவனியாபுரம், பெருங்குடி என்று போனால் விமான நிலையம். பெட்டியோடு போகிற பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். பெட்டியில் ஊறுகாய் இருக்கிறது, பருப்புப் பொடி இருக்கிறது. போகிற ஊரின் மொழியில் பத்துச் சொல் இருப்பதில்லை.

யாருக்குத் தேவை?

"சிங்கப்பூரில் தமிழ் ஆட்சி மொழி ஆயிற்றே, ரயில் நிலையத்தில் தமிழில் பெயர் எழுதியிருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கும் அங்கே அதிகாரபூர்வ மொழிகள். ஆனால் மக்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் சீனர். 2020-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி மாண்டரின் என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 30 சதவீதம். தமிழ் என்றவர்கள் 2.5 சதவீதம். அலுவலகத்தில் ஆங்கிலம் போதும். பட்டறையிலும், சமையல் கூடத்திலும், வயதானவர்கள் தனியாக இருக்கிற வீட்டிலும் அது போதாது.

சீனாவில் மருத்துவம் படிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது என்று சொல்லிச் சேர்க்கிறார்கள். ஆனால் நோயாளி ஆங்கிலத்தில் பேச மாட்டாரே! வார்டில் படுத்திருக்கும் பாட்டி "இங்கே வலிக்குது, நேத்து ராத்திரியிலிருந்து வலிக்குது" என்று சீனத்தில்தான் சொல்வார். பெய்ஜிங்கிலுள்ள இந்தியத் தூதரகம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட அறிவுரையில் இதைத் தெளிவாகச் சொன்னது. மருத்துவமனைப் பயிற்சிக்காக ஒவ்வொரு மாணவரும் எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வில் நான்காம் நிலை வரை கற்க வேண்டும் என்றும், அந்த அளவு மொழி தெரியாதவருக்குப் பட்டம் கிடைக்காது என்றும் அதில் எச்சரித்திருந்தார்கள். ஆறு நிலைகள் கொண்ட பழைய பாடத்திட்டத்தில் நான்காம் நிலை என்பது 1,200 சொற்கள். பல லட்சம் செலவு செய்கிற பெற்றோர், சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இதை அறிந்திருக்க வேண்டும்.

"இங்கிலீஷே தகராறு" என்பவர்களுக்கு

என்னிடம் யோசனை கேட்டு வரும் தம்பிகள் எல்லோரும் சொல்வது ஒன்றே. "அண்ணே, நமக்கு இங்கிலீஷே தகராறு. சீனம் எங்க வரப் போகுது?" ஆங்கிலம் என்ற வாசலைத் தாண்டினால்தான் மற்ற மொழிகள் என்று நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். சீனத்தைப் பொறுத்தவரை இது சரியில்லை. பல இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் சீனத்துக்கு அருகில் நிற்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று நான் சொல்லவில்லை. இவை தற்செயலான ஒற்றுமைகள்தாம். ஆனால் கற்பவருக்குக் கைகொடுக்கும்.

கேள்வி கேட்பதை எடுத்துக்கொள்ளுங்கள். "நீ வருகிறாய்" என்பதைக் கேள்வியாக்க நாம் கடைசியில் ஓர் "ஆ" சேர்க்கிறோம்: "வருகிறாயா?" சீனர்கள் வாக்கியத்தின் கடைசியில் "மா" என்ற சொல்லைச் சேர்க்கிறார்கள். வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் கேள்வி கேட்கச் சொற்களை முன்னும் பின்னும் புரட்டிப் போட்டுப் பட்ட பாடு இங்கே இல்லை. இன்னொரு வேடிக்கை, அவர்களுக்கும் "நீ" என்றால் நீதான். மரியாதைக்கு "நின்" என்று தனிச் சொல்லும் உண்டு.

"நேற்று வந்த ஆள்" என்கிறோம். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஆளை முதலில் நிறுத்தி, "எவன் என்றால், நேற்று வந்தானே அவன்" என்று பின்னால் வால் கட்ட வேண்டும். சீனத்தில் நம் வரிசையேதான்: நேற்று, வந்த, ஆள். பள்ளியில் பெயரெச்சம் என்று படித்தோமே, அதன் வேலையைச் சீனத்தில் "த" போல ஒலிக்கும் ஒரு சிறு சொல் செய்கிறது.

உறவு முறைக்கு வாருங்கள். ஆங்கிலத்தில் பெரியப்பாவும் சித்தப்பாவும் தாய்மாமனும் ஒரே "அங்கிள்". சீனத்தில் அப்பாவின் அண்ணன் "போபோ", தம்பி "ஷுஷு", அம்மாவின் சகோதரர் "ச்சியூச்சியூ". அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நால்வருக்கும் தனித்தனிச் சொல். தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. "சாப்டாச்சா?" என்று நலம் விசாரிப்பது மதுரைப் பழக்கம். அவர்களும் அப்படியே விசாரிப்பார்கள். சோறு கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தமில்லை, அன்பாகக் கேட்கிறார்கள் என்று ஆங்கிலப் புத்தகங்கள் இதற்கு விளக்கம் எழுதுகின்றன. நமக்கு அந்த விளக்கம் தேவையா?

ஒலிகளிலும் நமக்கு லாபம் உண்டு. சீன ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதும் முறைக்குப் பின்யின் என்று பெயர். சௌ யௌகுவாங் என்ற அறிஞர் பங்கெடுத்த குழு உருவாக்கியது. சீன அரசு 1958-ல் ஏற்றது. பின்யினில் வரும் "பி" எழுத்தை ஆங்கில வழக்கப்படி "பஸ்" என்பதில் வருவது போல அழுத்திச் சொன்னால் தவறு. நம் "பால்" என்பதில் வரும் "ப"தான் அது. அப்படியே "டி" எழுத்து நம் "தலை"யின் "த"வுக்கு அருகில். "ஜி" எழுத்து நம் "கல்"லின் "க". சீனத்தில் மனிதனைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலி ஏறத்தாழ நம் "ழ". உலகில் பலர் சொல்லத் திணறும் அந்த ஒலி நம் வீட்டுச் சொத்து. ஆனால் மதுரைக்காரர்களாகிய நாம் வாழைப்பழத்தை "வாளப்பளம்" ஆக்கியவர்கள். சீனம் கற்கும் சாக்கில் நம் ழகரத்தையும் மீட்டுக்கொள்ளலாம்!

தமிழ் கைகொடுக்காத இடங்கள்

எல்லாம் சுலபம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. மூன்று இடங்களில் புதிதாக உழைத்தே ஆக வேண்டும்.

முதலாவது, ஏற்ற இறக்கம். சீனத்தில் ஒரே ஒலியை நான்கு விதமாகச் சொன்னால் நான்கு பொருள். ஒரே சீராக உயரத்தில் சொல்லும் "மா" அம்மா. கீழிருந்து மேலே ஏறும் "மா" சணல். இறங்கி ஏறும் "மா" குதிரை. மேலிருந்து வெட்டி இறங்கும் "மா" திட்டுதல். ஏற்றமில்லாத ஐந்தாவது "மா"தான் மேலே சொன்ன கேள்விச் சொல். வாங்குவதும் விற்பதும் இரண்டுமே "மாய்". ஏற்ற இறக்கம் மட்டுமே வேறு. என்னோடு அறையில் தங்கியிருந்த சிவகங்கைத் தம்பி ஒருவர் உணவுக்கடையில் "தாங்" கேட்டார். கேட்டது சூப், கடைக்காரர் கொண்டுவந்தது சர்க்கரை. சூப்புக்கு உயரத்தில் நிற்க வேண்டும், அவர் மேலே ஏறிவிட்டார்.

இதற்கும் ஒரு வழி சொல்கிறேன். பாட்டி கதை சொல்லும்போது நாம் "ம்" கொட்டுவோம். அதை நினைத்துப் பாருங்கள். ஒப்புக்கொள்ளும்போது ஒரு "ம்". "என்னது?" என்று கேட்கும்போது மேலே ஏறும் ஒரு "ம்". சந்தேகத்தோடு இறங்கி ஏறும் ஒரு "ம்". "போதும், நிறுத்து" என்று வெட்டும் ஒரு "ம்". ஒரே எழுத்தை நான்கு பொருளில் நாம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அதையே ஒவ்வொரு சொல்லுக்கும் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, மூச்சு. சீனத்தில் சாதாரண "ப" ஒன்று, மூச்சை ஊதிச் சொல்லும் "ப" இன்னொன்று. நமக்கு இரண்டாவது கிடையாது. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வாய்க்கு முன்னால் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். முதல் ஒலிக்குக் காகிதம் அசையக்கூடாது, இரண்டாவதுக்கு ஆட வேண்டும். இந்தக் காரணத்தால்தான் சீனச் சொற்களை நோட்டில் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதிப் படிக்க வேண்டாம் என்கிறேன். "வயிறு நிறைந்தது", "ஓடு" என்ற இரண்டும் தமிழில் "பாவ்" என்றே விழும். பேசும் வாய் தமிழாக இருக்கட்டும், எழுதி வைப்பது பின்யினாக இருக்கட்டும்.

மூன்றாவது, எழுத்து. யுனிகோட் அட்டவணையில் தமிழுக்கான முதன்மைப் பகுதியில் 128 இடங்கள். சீன எழுத்துகளுக்குத் தொண்ணூறாயிரத்துக்கும் மேல்! பயந்துவிட வேண்டாம். சீன அரசு 2013-ல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் மொத்தம் 8,105 எழுத்துகள்; அதிலும் அன்றாடத் தேவைக்கான முதல் பிரிவில் 3,500. வேலைக்குப் போகிறவருக்கு ஆரம்பத்தில் நூறு எழுத்து போதும்: நுழைவு, வெளியேறும் வழி, அபாயம், மின்சாரம், ஆண், பெண், திற, மூடு.

எண்களில் ஒரு சிறு எச்சரிக்கை. பத்தாயிரத்துக்கு அவர்களிடம் "வான்" என்று தனி அலகு உண்டு. நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து வான். ஒரு கோடி ஆயிரம் வான். சம்பளம், முன்பணம் பற்றிப் பேசும்போது இதை மனதில் வையுங்கள்.

கம்ப்யூட்டரில் என்ன செய்யலாம்?

முன்பெல்லாம் சீன எழுத்து உள்ள பக்கத்தைத் திறந்தால் வெறும் கட்டங்கள்தான் தெரியும். ஃபான்ட் தேடி அலைய வேண்டும். இப்போது விண்டோஸிலேயே எல்லாம் இருக்கிறது. விண்டோஸ் 11-ல் ஸ்டார்ட் மெனு வழியாக செட்டிங்ஸ் செல்லுங்கள். அதில் "டைம் அண்ட் லாங்குவேஜ்", அடுத்து "லாங்குவேஜ் அண்ட் ரீஜன்" தேர்ந்தெடுத்து, "ஆட் எ லாங்குவேஜ்" என்பதில் கிளிக் செய்திடுங்கள். தேடும் கட்டத்தில் "சைனீஸ்" என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் பட்டியல் வரும். சிங்கப்பூரிலும் சீனாவிலும் வழங்குவது எளிமைப்படுத்திய எழுத்து என்பதால் "சிம்ப்ளிபைடு, சைனா" என்று உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த கட்டத்தில் ஒரு எச்சரிக்கை. இதையே விண்டோஸ் திரை மொழியாக்கவா என்று கேட்கும் இடத்தில் டிக் அடையாளம் இருக்கக்கூடாது. இருந்தால் கம்ப்யூட்டர் மெனு முழுவதும் சீனமாகிவிடும். வீட்டில் உள்ளவர்கள் உங்களைச் சும்மா விடமாட்டார்கள்!

நம் நாட்டில் விற்கும் பல லேப்டாப்களில் "ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்" என்ற விண்டோஸ் வகை இருக்கும். அதில் முடியாதோ என்று கவலைப்பட வேண்டாம். அந்தக் கட்டுப்பாடு திரை மொழிக்குத்தான். டைப் செய்யும் மொழிகளை எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

இனி விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் கீபோர்ட் மொழி மாறும். நோட்பேடைத் திறந்து, "நீஹாவ்" என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து ஸ்பேஸ் தட்டுங்கள். சீன எழுத்தில் வணக்கம் வந்து விழும். "அம்மா" என்று ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழில் பெறுகிறோமே, அதே முறைதான். ஒரே வித்தியாசம், தமிழில் அடித்தது அப்படியே வரும். சீனத்தில் "மா" என்று அடித்தால் அந்த ஒலியுள்ள எழுத்துகள் எண் போட்டு வரிசையாக வந்து நிற்கும். குதிரையா, அம்மாவா என்று நீங்கள்தான் எண்ணை அழுத்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். இதுதான் நமக்குப் பயிற்சி. ஒவ்வொரு முறை தேர்ந்தெடுக்கும்போதும் கண் அந்த எழுத்தைப் பழகிக்கொள்கிறது. உதட்டைக் குவித்துச் சொல்லும் "யு" ஒலிக்குக் கீபோர்டில் தனி கீ கிடையாது. அதற்கு "வி" எழுத்தை அழுத்த வேண்டும்.

ஆனால் டைப் செய்வதால் எழுத்தை அடையாளம் காண வருமே தவிர, கையால் எழுத வராது. சீனர்களிலேயே படித்தவர்கள் பலர் பேனா எடுத்தால் எழுத்து மறந்து நிற்கிறோம் என்று புலம்புகிறார்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். கட்டத்துக்கு ஒரு எழுத்து, தினம் ஒரு பக்கம்.

சொற்களை நினைவில் வைக்க ஆங்கி என்ற இலவசப் புரோகிராம் இருக்கிறது. 2006 முதல் புழக்கத்தில் உள்ளது. முன்பக்கம் ஒரு சொல், பின்பக்கம் பொருள் என்று அட்டை தயாரித்துக் கொடுத்தால், தெரிந்ததைத் தள்ளிப்போட்டு, மறந்ததை அடிக்கடி காட்டும். கண்டிப்பான டியூஷன் வாத்தியார் மாதிரி. ஆங்கிலப் பொருள் உள்ள ரெடிமேட் அட்டைகள் நிறையக் கிடைக்கும். அவற்றை எடுக்காதீர்கள். அட்டையின் பின்பக்கத்தில் தமிழில் நீங்களே எழுதுங்கள். "அங்கிள்" என்று எழுதாமல் "சித்தப்பா" என்று எழுதினால்தான் ஏணி நேராக நிற்கும். நாளைக்குப் புதிதாகப் பத்துச் சொல் என்றால், 1,200 சொல்லை ஒரு முறை பார்த்து முடிக்க 120 நாள். நான்கு மாதம் என்று மேலே சொன்னது இந்தக் கணக்கில்தான். பழையவற்றைத் திருப்பிப் பார்க்கத் தினமும் அரைமணி கூடுதலாக ஒதுக்குங்கள்.

காதுக்கும் வாய்க்கும் என்ன வழி? எட்ஜ் பிரவுசரில் ஏதாவது சீனப் பக்கத்தைத் திறந்து "ரீட் அலவுட்" கொடுத்தால் படித்துக் காட்டும். வேகத்தைக் குறைத்தும் கேட்கலாம். கேட்டதை நீங்கள் சொல்லி, விண்டோஸில் உள்ள சவுண்ட் ரெக்கார்டரில் பதிவு செய்து, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். இன்னும் ஆர்வம் இருந்தால், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் என்ற இலவச சாப்ட்வேர் உங்கள் குரல் ஏறுவதையும் இறங்குவதையும் கோடாகவே வரைந்து காட்டும். இரண்டு கோடுகளும் ஒன்று போல வரும் வரை விடாதீர்கள். எந்தப் புரோகிராமையும் அதன் சொந்தத் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்யுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். சீனக் கீபோர்ட் என்று தனியாக எதையும் போனில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2024 ஏப்ரலில் ஒன்பது நிறுவனங்களின் பின்யின் கீபோர்ட்களை ஆராய்ந்தது. அவற்றில் எட்டு நிறுவனங்களுடையதில், நீங்கள் அடிப்பதை வழியிலேயே மற்றவர் படித்துவிடக்கூடிய ஓட்டைகள் இருந்தன. பிறகு பெரும்பாலானவற்றைச் சரிசெய்தார்கள். இருந்தாலும், கற்பவருக்கு விண்டோஸில் உள்ளதே தாராளம். பாஸ்வேர்ட் அடிக்கும்போது ஆங்கிலக் கீபோர்டுக்கு மாறிவிடுவது நல்ல பழக்கம்.

மொழிபெயர்க்கும் ஆப் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு?

இன்று பலர் கேட்கும் கேள்வி இது. போன் கேமராவை அறிவிப்புப் பலகைமேல் காட்டினால் பொருள் தெரிகிறது. நல்ல வசதிதான், நானும் பயன்படுத்துகிறேன். மருந்து டப்பாவைப் படிக்கவும், படிவத்தைப் புரிந்துகொள்ளவும் அது உதவும்.

ஆனால் ஏணி உச்சியில் இரண்டு கையாலும் கம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, கீழே நிற்கிற மேற்பார்வையாளர் "கரண்ட் போடாதே" என்கிறாரா, "கரண்ட் போடு" என்கிறாரா? அப்போது போனை எடுக்க முடியாது. நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் காலை நேரப் பாதுகாப்புப் பேச்சு மாண்டரினில்தான் நடக்கும். பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போன தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர். இருபது சொல் தெரிந்திருந்தால் உயிருக்கு ஒரு காப்பு. சம்பளக் கணக்கில் கூடுதல் நேரத்தை எழுதினார்களா என்று கேட்கவும் அதே இருபது சொல்தான்.

இன்னொன்றும் உண்டு. போன் திரையை நீட்டுகிறவரிடம் யாரும் மனம்விட்டுப் பேசுவதில்லை. எனக்குச் சீனம் கற்றுக்கொடுத்தவர், நான் குடியிருந்த புளோக்கின் கீழே காப்பிக்கடையில் தட்டு எடுத்த அம்மா ஒருவர். அங்கே எல்லோரும் "ஆன்டி" என்பார்கள், நான் சீனத்தில் "அக்கா" என்றேன். அன்றிலிருந்து தினம் ஒரு சொல். நான் திரும்பச் சொல்லும் வரை காப்பி மேசைக்கு வராது. கம்ப்யூட்டரில் கேட்கும் குரல் செய்தி வாசிப்பாளரின் குரல். தூர்தர்ஷன் செய்தித் தமிழ் மட்டும் கற்ற ஒருவர் மாட்டுத்தாவணியில் இறங்கினால் எப்படியோ, அப்படித்தான் பெய்ஜிங் உச்சரிப்போடு சிங்கப்பூரில் இறங்குவதும். அங்கே "ஷ"வைப் பலர் "ச" என்பார்கள், நாக்கை அவ்வளவு மடிக்க மாட்டார்கள். மிகவும் வயதானவர்கள் பலர் ஹொக்கியன், தியோச்சியு, கான்டனீஸ் பேசி வளர்ந்தவர்கள். 1979-ல் லீ குவான் யூ "மாண்டரின் பேசுங்கள்" இயக்கத்தைத் தொடங்கிய பிறகுதான் அவர்களே மாண்டரினுக்கு மாறினார்கள். லீயும் மாண்டரினை வளர்ந்த பிறகு கற்றவர்தான். முதுமையிலும் ஆசிரியர் வைத்துப் படித்தார். சீனர்களே பாடுபட்டுக் கற்ற மொழி என்று தெரிந்தால் நமக்குக் கூச்சம் குறையும்.

அடிபணிவதா?

"நம் மொழியை விட்டு அவர்கள் மொழியைக் கற்பது அடிபணிவதில்லையா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். மதிக்க வேண்டிய கேள்வி. வேலைக்குத் தேவையே இல்லாத இடத்தில் "மாண்டரின் தெரிந்தவர் மட்டும்" என்று கதவைச் சாத்துவது அநியாயம்தான். சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய பணியிட நியாயச் சட்டம், பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களில் மொழித் திறனையும் சேர்த்திருக்கிறது. அந்த நியாயம் வேறு, நாம் நம் நன்மைக்குக் கற்பது வேறு. முதலாளி கேட்டான் என்பதற்காகக் கற்க வேண்டாம். ஏமாறாமல் இருக்கவும், பக்கத்து வீட்டுக்காரரோடு பழகவும் கற்போம்.

மதுரையையே பாருங்கள். சௌராஷ்டிர மக்கள் பல தலைமுறையாக வீட்டில் தம் மொழியும் வெளியில் தமிழும் பேசுகிறார்கள். தாய்மொழியை விட்டுவிட்டார்களா? அந்த வீடுகளில் ஒன்றில் பிறந்த டி.எம். சௌந்தரராஜனின் தமிழ் உச்சரிப்பைக் கேட்டுத்தானே நாம் வளர்ந்தோம்! சீன வானொலி 1963-ல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதில் சீனர்கள் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு தமிழ் பேசினார்கள். அதற்கும் வெகு முன்பே, 1281-ல், சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் தமிழிலும் சீனத்திலும் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். இலங்கையில் காலி நகரில் கிடைத்த, 1409-ம் ஆண்டுத் தேதியிட்ட சீனத் தளபதி செங் ஹோவின் கல்லில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் இருக்கிறது. இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் எழுநூறு ஆண்டுக்கு முன்பே இருந்தார்கள். அவர்கள் ஆங்கிலம் வழியாகக் கற்கவில்லை!

எனவே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் நண்பர்களே, இன்று இரவு சீனக் கீபோர்டைச் சேர்த்துவிடுங்கள். நாளை ஆங்கியில் பத்து அட்டை, பின்பக்கத்தில் தமிழ். நாளை மறுநாள் சவுண்ட் ரெக்கார்டரில் நான்கு "மா". வெளிநாடு போகிற பிள்ளையோடு அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்து சேர்ந்தே சொல்லிப் பாருங்கள். விசாவும் டிக்கெட்டும் ஏஜெண்ட் வாங்கித் தருவார். அங்கே போய்ப் பேசப் போகிற நாக்கை இங்கே வீட்டில்தான் பழக்க வேண்டும்.